ஒரு குதிரை, நான்கு எழுத்து

கேள்வி இதுதான்: "பின்லாந்துக் குதிரை என்று தேடினால் ஒரு படத்தில் காட்டு மரம் இழுக்கிறது. இன்னொன்றில் பந்தய வண்டியில் பூட்டி ஓடுகிறது. மூன்றாவதில் தடை தாண்டுகிறது. நான்காவதில் ஒரு குழந்தை ஏறி உட்கார்ந்திருக்கும் குட்டையான குதிரை. நான்குக்கும் ஒரே பெயர் போட்டிருக்கிறார்கள். இது ஓர் இனமா, நான்கு இனங்களா? ஒரே இனம் என்றால் உடம்பு ஏன் இத்தனை மாறுபடுகிறது?"

ஓர் இனம்தான். ஒரே வம்சாவளிப் பதிவேடு. அந்தப் பதிவேட்டுக்குள் நான்கு பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. இழுவைக் குதிரைக்கு டி, பந்தயக் குதிரைக்கு ஜே, சவாரிக் குதிரைக்கு ஆர், சிறு குதிரைக்கு பி. எல்லாம் பின்னிஷ் சொற்களின் முதல் எழுத்துகள். குட்டி பிறக்கும்போது அதன் மேல் எந்த எழுத்தும் இருக்காது. தாயும் தகப்பனும் பின்லாந்துக் குதிரை என்றால் குட்டியும் பின்லாந்துக் குதிரை, அவ்வளவுதான். வளர்ந்த பிறகு, இனப்பெருக்கத்துக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்க்க ஒரு பரிசோதனைக்குக் கொண்டுபோவார்கள். எந்தப் பரிசோதனையில் தேறுகிறதோ அந்த எழுத்து. இரண்டில் தேறினால் இரண்டு எழுத்தும் வாங்கலாம். ஆக, நீங்கள் பார்த்த நான்கும் நான்கு சாதி அல்ல, நான்கு பரீட்சை.

இதைப் புரிந்துகொள்ளாமல் எழுதிய கட்டுரைகள் ஏராளம். "பின்லாந்தில் நான்கு வகைக் குதிரை இனங்கள் உள்ளன" என்றே பலர் எழுதிவிடுகிறார்கள். பாதி உண்மைதான். அந்தப் பாதிக்குக் கடைசியில் வருகிறேன். ஏனென்றால் பரீட்சை என்று தொடங்கியது கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்திலும் இறங்கிக்கொண்டிருக்கிறது.

முதலில் குதிரையைப் பார்ப்போம். பின்னிஷ் மொழியில் இதன் பெயர் சுவோமென்ஹெவொனென். சுவோமி என்றால் பின்லாந்து, ஹெவொனென் என்றால் குதிரை. செல்லமாக சுவோக்கி என்பார்கள். முன்தோள் மேட்டில் அளந்தால் சராசரி 156 சென்டிமீட்டர், அதாவது ஐந்தடிக்குச் சற்று மேல். பத்தில் ஒன்பதுக்கு மேல் செம்பழுப்பு நிறம், பலவற்றுக்குப் பிடரி மயிரும் வாலும் வெளிறிய பொன்னிறம். அந்தச் செம்பழுப்புக்கு அவர்கள் வைத்த பெயர் ரௌதியாஸ். இரும்பைக் குறிக்கும் ரௌதா என்ற சொல்லிலிருந்து வந்தது. துருப்பிடித்த இரும்பை நினைத்துக்கொண்டால் நிறம் கண்ணில் வந்துவிடும். முன்பு கருப்பு, சாம்பல், கபிலம் என்று எல்லா நிறமும் நிறைய இருந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் "நம் குதிரை என்றால் செம்பழுப்பு" என்று முடிவுகட்டி அந்த நிறத்தையே தேர்ந்தெடுத்துப் பெருக்கினார்கள். அதனால்தான் இன்று கூட்டமாக நிற்கும் பின்லாந்துக் குதிரைகளைப் பார்த்தால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போலத் தெரிகிறது.

அந்த முடிவுக்கு அரசியல் காரணமும் உண்டு. பதிவேடு தொடங்கிய ஆண்டு 1907. பின்லாந்து அப்போது தனி நாடு அல்ல. 1809 வரை ஸ்வீடன் கையில் இருந்தது, பிறகு 1917 வரை ரஷ்யப் பேரரசருக்குக் கீழ். மொழி, பாட்டு, ஓவியம் என்று எல்லாவற்றிலும் "இது எங்களுடையது" என்று தேடிக்கொண்டிருந்த காலம் அது. அதற்கு முந்தைய சில நூற்றாண்டுகளில் வெளிநாட்டுப் பொலிகுதிரைகளைக் கொண்டுவந்து நாட்டுக் குதிரையோடு கலந்திருந்தார்கள். 1907இல் கதவைச் சாத்தினார்கள். அன்றிலிருந்து வெளி ரத்தம் கிடையாது. நூறாண்டு நிறைந்த 2007இல் இதை நாட்டின் தேசியக் குதிரையாகவும் அறிவித்தார்கள்.

சரி, ஏன் ஒரே குதிரை எல்லா வேலையும் செய்யப் பழகியது? பதில் எளிது: வீட்டுக்கு ஒரு குதிரைதான் கட்டுப்படியானது. இங்கிலாந்துப் பிரபு வீட்டில் வேட்டைக்கு ஒன்று, கோச்சு வண்டிக்கு ஒன்று, உழவுக்கு நான்கு என்று இருந்திருக்கும். பின்லாந்துச் சிறு விவசாயிக்கு அந்த வசதி ஏது? குளிர்காலம் நீளம், விளைச்சல் குறைவு, சும்மா நிற்கும் குதிரைக்கும் வைக்கோல் போட்டாக வேண்டும். ஆகவே கோடையில் ஏர் இழுத்த குதிரையே குளிர்காலத்தில் காட்டுக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை அதையே துடைத்து விட்டு, சறுக்கு வண்டியில் பூட்டிக் குடும்பத்தோடு தேவாலயத்துக்குப் போனார்கள். திரும்பி வரும்போது பக்கத்து வீட்டுக்காரர் வண்டி முந்தினால் சும்மா விடுவார்களா? பந்தயக் குதிரை பிறந்த இடம் அந்தத் தேவாலயச் சாலைதான் என்று சொல்வது மிகையல்ல. ஊரறிய நடந்த முதல் பந்தயம் 1817இல், துர்க்கு நகரில், உறைந்து கிடந்த அவுரா ஆற்றின் மேல்.

இதற்கும் முன்னால் போர் வேலை. 1630களில் ஜெர்மன் மண்ணில் நடந்த முப்பதாண்டுப் போரில் ஸ்வீடன் மன்னருக்காகச் சண்டையிட்ட பின்லாந்துக் குதிரைப்படைக்கு ஹக்கபெலீத்தா என்று பெயர். "வெட்டு, வெட்டு" என்பது மாதிரி அவர்கள் போட்ட கூச்சலே பெயராகிவிட்டது. அவர்கள் ஏறிவந்த குதிரைகள் பார்வைக்குச் சிறியவை, ஆனால் கிடைத்ததைத் தின்று தாக்குப்பிடிப்பவை.

இப்போது அந்த நான்கு எழுத்தும்.

டி, இழுவைக் குதிரை. எனக்குப் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். உடம்பு நீளமாகவும் கனமாகவும் இருக்கும், கால் கட்டை. ஆனால் பெல்ஜியம் அல்லது ஸ்காட்லாந்தின் ராட்சத இழுவைக் குதிரைகளை மனதில் வைத்துப் பார்த்தால் ஏமாற்றம்தான். அவற்றின் பக்கத்தில் இது இளைய தம்பி போல இருக்கும். காட்டு வேலைக்கு அந்த அளவே தோது. அடர்ந்த மரங்களுக்கிடையே, இடுப்பளவு பனியில் நுழைந்து திரும்ப வேண்டும். வெட்டிய மரத்தைச் சறுக்கில் ஏற்றிக் காட்டுப் பாதை வரை கொண்டுவர வேண்டும். அங்கிருந்து ஆற்றங்கரை வரை போக, பாதையில் தண்ணீர் ஊற்றி உறையவிட்டுப் பனிக்கட்டித் தடம் போட்டிருப்பார்கள். அந்த வழவழப்பில், சாதாரணப் பாதையில் அசைக்கவே முடியாத சுமையை ஒற்றைக் குதிரை இழுத்துவிடும். குதிரைக்கு வழுக்காதா என்றால், லாடத்தில் கூர்முனை ஆணிகள் முடுக்கியிருப்பார்கள்.

படங்களில் குதிரையின் கழுத்துக்கு மேல் ஒரு மர வளைவு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அலங்காரம் என்று நினைத்திருக்கலாம். அதன் பெயர் லுவொக்கி. பூட்டும் விதம் இப்படி: முதலில் கழுத்தைச் சுற்றி மெத்தை வைத்த மரப் பட்டை, அதைத் தோளில் பொருத்துவார்கள். வண்டியிலிருந்து வரும் இரண்டு ஏர்க்கால்களும் குதிரையின் இருபுறம். லுவொக்கியின் ஒரு முனையை ஒரு ஏர்க்காலிலும் மறு முனையை மறு ஏர்க்காலிலும் தோல்வாரால் இறுக்கிக் கட்டுவார்கள். வளைத்த மரம் விரியப் பார்க்கும், வார் இழுத்துப் பிடிக்கும். அந்த இழுபறியில் மொத்த அமைப்பும் விறைப்பாகி, ஏர்க்கால்கள் குதிரையின் விலாவில் உரசாமல் தள்ளியே நிற்கும். மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கினாலும் அதிர்ச்சியை வளைவு வாங்கிக்கொள்ளும். ரஷ்யாவிலும் இதே வளைவு உண்டு. மேற்கு ஐரோப்பியச் சேணத்தில் இது கிடையாது.

டி எழுத்துக்கான பரீட்சையில் மூன்று அங்கம். சுமை இழுத்தல், சுமையோடு நடத்தல், சொன்ன சொல் கேட்டல். இழுக்கும் சுமையைக் குதிரையின் சொந்த எடையை வைத்துக் கணக்கிடுவார்கள், அதனால் பெரிய குதிரைக்குத் தனிச் சலுகை இல்லை. குறிப்பிட்ட தூரம் இழுத்ததும் நிறுத்தி எடை கூட்டுவார்கள். மறுபடி இழுக்க வேண்டும். மறுபடி கூட்டுவார்கள். நின்ற இடத்திலிருந்து சுமையைக் கிளப்புவதுதான் கஷ்டம். நல்ல குதிரை அதை வெடுக்கென்று இழுக்காது. தலையைத் தாழ்த்தி, தோளை மெத்தையில் அழுத்தி, பின்னங்கால் குளம்பை மண்ணில் பதித்து, உடம்பு முழுவதையும் மெல்ல முன்னால் சாய்க்கும். ஓரிரு விநாடி ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். அப்புறம் சறுக்கு அசையும். பழக்கமில்லாத குதிரை இரண்டு தரம் வெடுக்கென்று மோதிப் பார்த்துவிட்டு, முடியாது என்று திரும்பி நிற்கும். முரட்டு பலம் மட்டும் இருந்தால் போதாது, அந்த நிதானம் வேண்டும்.

நடைப் பரீட்சையைப் பலர் கேலியாகப் பார்க்கிறார்கள், "நடப்பதில் என்ன இருக்கிறது" என்று. நாள் முழுக்கச் செய்யும் வேலையில் பலத்தைவிட நடைதான் முக்கியம். எட்டி வைத்து நடக்கும் குதிரை ஒரு நாளில் ஒரு நடை கூடுதலாகப் போய்வரும், அவ்வளவு எளிய கணக்கு.

இந்தக் குதிரைக்கு மிகக் கடுமையான வேலை 1939க்கும் 1944க்கும் இடையில் வந்தது. சோவியத் ஒன்றியத்தோடு இரண்டு போர். சாலையில்லாத காட்டில், மைனஸ் 30, 40 பாகைக் குளிரில் பீரங்கி இழுக்க, உணவு கொண்டுபோக, காயம்பட்டவரைத் திருப்பிக் கொண்டுவர ராணுவத்திடம் போதிய மோட்டார் வண்டிகள் இல்லை. பண்ணை பண்ணையாகக் குதிரைகளை எடுத்துக்கொண்டார்கள். முதல் போருக்கு மட்டும் 60 ஆயிரத்துக்கு மேல். இரண்டு போரிலும் சேர்த்து 20 ஆயிரத்துக்கு மேற்பட்டவை திரும்பவில்லை. மிஞ்சியவற்றைப் பெரும்பாலும் அந்தந்த வீட்டுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். வீட்டில் ஆண்கள் போர்முனையில், குதிரையும் போர்முனையில், அறுவடை பெண்கள் கையில். பின்லாந்துக்காரர்கள் இந்தக் குதிரையைப் பற்றிப் பேசும்போது தொனி கொஞ்சம் மாறுவதற்கு இந்த நினைவே காரணம்.

போர் முடிந்ததும் குதிரையின் எண்ணிக்கை குறையும் என்றுதானே நினைப்போம்? கூடியது. சோவியத்திடம் போன கரேலியா நிலப்பகுதியிலிருந்து 4 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வெளியேறி வந்தார்கள். அவர்களுக்கும் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கும் 1945ஆம் ஆண்டுச் சட்டப்படி துண்டு துண்டாக நிலம் பிரித்துக் கொடுத்தார்கள். புதுப் பண்ணைக்குப் புதுக் குதிரை. 1950 வாக்கில் நாட்டில் 4 லட்சம் குதிரைக்கு மேல் இருந்தது. அப்புறம் சாம்பல் நிற பெர்குசன் டிராக்டர் வந்தது, காட்டுக்கு இயந்திர ரம்பமும் மரம் தூக்கும் வண்டியும் வந்தன. 30 ஆண்டுகளில் எல்லாம் முடிந்தது. 1980களில் 15 ஆயிரம் அளவுக்கு வந்துவிட்டது. மற்ற குதிரைகள் எங்கே போயின என்று கேட்காதீர்கள், கசாப்புக்குத்தான். போரில் இழந்ததைப் போலப் பல மடங்கு சமாதான காலத்தில் போயிற்று.

இந்தச் சரிவின் நடுவில்தான் பதிவேட்டைப் பிரித்தார்கள். 1965இல் முதலில் இரண்டாக: இழுவை, பந்தயம். 1971இல் நான்காக. வேலை போன குதிரைக்கு வேறு வேலை தேடிக் கொடுத்த ஏற்பாடு இது. காப்பாற்றியது ஜே.

ஜே, பந்தயக் குதிரை. உடம்பு இலகுவானது, கால் நீளம், தசை இறுகியிருக்கும். ஜாக்கி மேலே ஏறி உட்கார்ந்து ஓட்டும் பந்தயம் அல்ல இது. ரேக்ளா வண்டியைவிட இலேசான இரண்டு சக்கர வண்டி, பின்னால் ஓட்டுநர். நாலுகால் பாய்ச்சலில் போகக் கூடாது என்பதுதான் விதி. டிராட் எனும் நடையில்தான் ஓட வேண்டும், அதாவது முன் இடது காலும் பின் வலது காலும் ஒன்றாக, முன் வலதும் பின் இடதும் ஒன்றாக விழ வேண்டும். வேகம் கூடும்போது பாய்ச்சலுக்கு மாறத்தான் குதிரைக்குத் தோன்றும். மாறினால் ஓட்டுநர் உடனே இழுத்துப் பழைய நடைக்குக் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் போட்டியிலிருந்து நீக்கம்.

சிறந்த பின்லாந்துக் குதிரைகள் ஒரு கிலோமீட்டரை ஏறக்குறைய 1 நிமிடம் 20 விநாடியில் ஓடுகின்றன. மணிக்கு 45 கிலோமீட்டர். அமெரிக்க, பிரெஞ்சு ரத்தம் கொண்ட வெப்பக்குருதிப் பந்தயக் குதிரைகள் 1 நிமிடம் 10 விநாடிக்குப் பக்கத்தில் வந்துவிடும். 1950களின் இறுதியில் அவை பின்லாந்துக்குள் வந்தபோது சுவோக்கி கதை முடிந்தது என்றே பலர் நினைத்தார்கள். ஆனால் இரண்டுக்கும் தனித்தனிப் பந்தயம் என்று வைத்துவிட்டார்கள். குளிர்க்குருதி, வெப்பக்குருதி என்பதற்கும் உடம்புச் சூட்டுக்கும் தொடர்பில்லை, ஒரு தெளிவுக்காகச் சொல்கிறேன். வேகமும் படபடப்பும் உள்ளது வெப்பக்குருதி, கனமும் நிதானமும் உள்ளது குளிர்க்குருதி. சுவோக்கி இரண்டாவது கணக்கில் சேரும். அது மெதுவாகவே முதிர்கிறது, நீண்ட காலம் ஓடுகிறது. 16 வயது வரை பந்தயத்தில் விடலாம்.

ஆண்டுதோறும் கோடையில் அரச பந்தயம் நடக்கும். 1924இல் லஹ்தி நகரில் தொடங்கியது, ஒவ்வொரு ஆண்டும் வேறு ஊர். ஆண் குதிரைகளில் வெல்வது பந்தய அரசன், பெண் குதிரைகளில் வெல்வது அரசி. காயடித்த குதிரைக்கு அனுமதி இல்லை. விழாவின் மூல நோக்கமே அடுத்த தலைமுறைக்கு யார் தாய் தகப்பன் என்று பார்ப்பதுதான். இரண்டு நாளில் மூன்று ஓட்டம்: 1609 மீட்டர், 2100 மீட்டர், 3100 மீட்டர். மூன்றின் நேரத்தையும் கூட்டிப் பார்ப்பார்கள். குறுகிய ஓட்டத்தில் மின்னல் மாதிரி போய்விட்டு நீண்டதில் மூச்சு வாங்கும் குதிரைக்கு மகுடம் கிடையாது. ஓட்டத்துக்கு நடுவே எவ்வளவு சீக்கிரம் களைப்பு தீர்கிறது என்பதும் இதில் தெரிந்துவிடும். பழைய பண்ணைக் குதிரையிடம் எதிர்பார்த்த குணத்தைத்தான் வேறு உருவில் அளக்கிறார்கள் என்று எனக்குப் படும்.

ஆர், சவாரிக் குதிரை. 1970களில் நகரத்துப் பிள்ளைகள், அதிலும் பெண்பிள்ளைகள், குதிரையேற்றப் பள்ளிகளுக்கு வரத் தொடங்கியபோது இந்தப் பிரிவுக்கு உயிர் வந்தது. கழுத்து கொஞ்சம் நீளம், தோள் சாய்வு, நடை மிருதுவாக வேண்டும். ஒழுங்குநடை (டிரெஸ்ஸாஜ்), தடை தாண்டல், நெடுந்தூரச் சவாரி எல்லாவற்றிலும் பங்கெடுக்கிறது. ஒலிம்பிக் தடை தாண்டலில் இதை எதிர்பார்க்காதீர்கள். அதற்கான உயரமும் துள்ளலும் இதற்கு இல்லை. ஆனால் முதன்முறை சேணத்தில் ஏறும் ஒருவருக்கும், உடல் ஊனமுற்றவர்களுக்கு மருத்துவச் சவாரி கொடுக்கவும் இதைவிட நம்பகமான முதுகு கிடைப்பது அரிது.

பி, சிறு குதிரை. உச்ச உயரம் 148 சென்டிமீட்டர். பார்த்தவுடன் போனி என்று சொல்லத் தோன்றும், ஆனால் அவர்கள் வைத்த பெயர் பியென்ஹெவொனென், "சிறிய குதிரை". முழு பின்லாந்துக் குதிரையைக் குறுக்கி வைத்த மாதிரி அதே விகிதம் இருக்க வேண்டும். வண்டியிலும் சரி, சவாரியிலும் சரி, இரண்டிலும் பணிவு பார்க்கிறார்கள். எண்ணிக்கையில் டி பிரிவும் இதுவும்தான் நலிந்தவை.

இனி அந்தப் பாதி உண்மை. இன்று பின்லாந்துக் குதிரை மொத்தம் 20 ஆயிரத்துக்குச் சற்று முன்பின். பிறக்கும் குட்டிகளில் பெரும்பாலானவை பந்தயத்துக்காகவே பிறக்கின்றன, பணம் அங்கேதான். பந்தயத்தில் வென்ற சில பொலிகுதிரைகளையே எல்லோரும் தேடுவதால் ரத்தம் குறுகுகிறது. போதாக்குறைக்கு, ஒரு மரபணுவும் குறுக்கே வருகிறது. பெயர் டிஎம்ஆர்டி3. முதுகுத்தண்டில் இருக்கும் நரம்புச் செல்கள் வழியே நான்கு கால்களின் தாளத்தை ஒருங்கிணைப்பது அதன் வேலை. அந்த மரபணுவின் குறியீட்டில் ஒற்றை எழுத்து மாறியிருந்தால் குதிரையால் பாய்ச்சலுக்குத் தாவாமல் அதிவேகத்திலும் டிராட் ஓட்டத்தில் நிலைக்க முடிகிறது என்று 2012இல் கண்டுபிடித்தார்கள். 2015இல் பின்லாந்துக் குதிரையிலேயே ஆராய்ந்து பார்த்தார்கள். தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் மாறிய பிரதியையே பெற்றவை பந்தயத்தில் சிறந்தன. மாறாத பிரதியை இரண்டு பக்கமும் பெற்றவை சவாரிப் பரீட்சையில், பாய்ச்சல் நடைக்கு நல்ல மதிப்பெண் வாங்கின. ஒன்றுக்கு வரம், மற்றதற்கு இடைஞ்சல். ஆகவே ஜேயும் ஆரும் வெறும் பரீட்சையாக மட்டும் இல்லை, மெல்லப் பிரியும் இரண்டு கிளைகளாகவும் ஆகிவருகின்றன. உடம்பு ஏன் இத்தனை மாறுபடுகிறது என்று கேட்டீர்களே, 50 ஆண்டுத் தேர்வின் விளைவு அது.

இருந்தும் கலப்பு நிற்கவில்லை. பந்தயத்தில் தேறாத குதிரையைச் சவாரிப் பள்ளி வாங்குகிறது. ஓட்டம் முடிந்த பந்தயக் குதிரைக்குப் பத்துப் பன்னிரண்டு வயதில் சேணம் போட்டுப் பழக்குகிறார்கள். ஆரம்பத்தில் ஒரே சிக்கல், கடிவாள வாரை இழுத்தால் நிற்பதற்குப் பதிலாக இன்னும் வேகமாகப் போகும். பந்தயத்தில் வார் இறுகினால் ஓடு என்று அர்த்தம், ஓட்டுநர் வாரில் சாய்ந்துதான் குதிரையைத் தாங்குவார். அதை மறக்கடிக்கவே சில மாதம் ஆகும்.

நீங்கள் அனுப்பிய படங்களைப் பொறுத்தவரை, மரம் இழுப்பது உடம்பு வாகைப் பார்த்தால் டி போலத்தான் இருக்கிறது. ஆனால் குழந்தை ஏறியிருப்பது பி என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அந்தக் காது நுனியும் தொங்கும் கீழுதடும், ஓய்வு பெற்ற பந்தயக் கிழவி ஒருத்தி தூங்கிக்கொண்டே படத்துக்கு நிற்கிற மாதிரி இருக்கிறது.